அந்த ஜீப்பைக் கெடுத்தவன் நான்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்து ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிற பழக்கம் எனக்குப் பல வருடம் இருந்தது. அது தப்பு என்று தெரியாமல் செய்த காலம் ஒன்று உண்டு. தெரிந்த பிறகும் செய்த காலம் ஒன்று உண்டு. முன்னதற்கு மன்னிப்பு கிடைக்கும் என்று நம்புகிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். பின்னதற்கு நான் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்கும் ஜீப்புகள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் வேன்கள், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஓடும் பழைய அம்பாசிடர்கள் என்று எங்களுக்கு வந்த வண்டிகள் பெரும்பாலும் வயதானவை. செல்ஃப் இழுக்கவில்லை, சார்ஜ் ஏறவில்லை, லைட் மங்குகிறது. பத்து வண்டி வந்தால் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றுதான் குறை. அந்தப் பக்கத்து டிரைவர்கள் என்னைக் கைராசிக்காரன் என்று சொல்வார்கள். காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவான் என்பார்கள். அந்தப் பேச்சை நான் நம்பத் தொடங்கினேன். என் சறுக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

என் ஆசான் தொழில் படித்தது டைனமோ காலத்தில். டைனமோ தானே டி.சி. மின்சாரம் கொடுக்கும். அதை அடக்கி ஆளும் ரெகுலேட்டரும் கட் அவுட்டும் தனிப் பெட்டியில் இருக்கும். டையோடு என்ற பொருளே அதில் கிடையாது. பெட்ரோல் வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, பேட்டரி வயரைக் கழற்றுவார்கள். எஞ்சின் நிற்காமல் ஓடினால் டைனமோ வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தப் பொருளுக்கு அந்தச் சோதனை ஒரு மாதிரி ஒத்துப்போயிற்று. 1960-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்து விற்றது. பிறகு மெல்ல மெல்ல உலகமெங்கும் டைனமோ ஒழிந்தது. நம் ஊர் வண்டிகளுக்கும் ஆல்டர்னேட்டர் வந்துசேர்ந்தது. பொருள் அடியோடு மாறிவிட்டது. சோதிக்கிற முறையை எங்களில் பலர் மாற்றவே இல்லை.

ஆல்டர்னேட்டருக்குள் நடுவில் சுற்றும் ரோட்டரில் ஒரு காயில் இருக்கிறது. இரண்டு சிறிய கார்பன்கள் வழியாக அதற்குக் கொஞ்சம் கரன்ட் போகிறது. ரோட்டர் காந்தமாகிச் சுற்றும்போது வெளிவட்டத்தில் உள்ள ஸ்டேட்டரில் மூன்று ஃபேஸ் ஏ.சி. பிறக்கிறது. அதை ஆறு டையோடுகள் டி.சி. ஆக்கி பேட்டரிக்கு அனுப்புகின்றன. ஓடும் எஞ்சினில் பேட்டரியை வெடுக்கென்று பிடுங்கினால், அதுவரை பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த கரன்டுக்குப் போக்கிடம் இல்லை. ரோட்டரின் காந்தம் அந்த நொடியே அடங்காது. ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்டேஜ் எகிறிவிடும். 12 வோல்ட் வண்டியில் 100 வோல்ட் வரைகூட அது போகலாம். ஒரு நொடியில் பாதிகூட நீடிக்காது. ஆனால் ஒரு டையோடைக் கொல்ல அது போதும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன். பத்தாவது முடித்துவிட்டு வந்தவன். புது ஆல்டர்னேட்டர் வந்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அவன் தூக்கி எறியாமல் உட்கார்ந்து படித்திருக்கிறான். ஒருநாள் நான் ஸ்பேனரோடு பேட்டரிப் பக்கம் குனிந்தபோது, "அண்ணே, எஞ்சின் ஓடும்போது கழட்டக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கு. டையோடு போயிருமாம்" என்றான். கடையில் இரண்டு மூன்று டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "நீ எனக்குச் சொல்லித் தர்றியா? போய் கார்பனைத் தேச்சு வை" என்று எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். பிறகு டெர்மினலைக் கழற்றினேன். அன்று இரவு கடை சாத்தியபின் அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். அவன் சொன்னது அப்படியே இருந்தது. ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல அதற்குப் பிறகு எனக்கு வழியில்லை.

அந்தத் தாளைப் படித்த பிறகும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பையன் சொன்னது சரி என்று ஆகிவிடுமே என்பதுதான் என் மனதில் ஓடியது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

சிறுமலையிலிருந்து ஒரு பெரியவர் வருவார். பழைய மஹிந்திரா டீசல் ஜீப். மலை வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் திண்டுக்கல்லுக்கு வந்துசேருவார். அவருக்கு நான் தம்பி. எனக்கு அவர் அண்ணன். ஒருநாள் வந்து, "தம்பி, காலையில செல்ஃப் சோம்பலா இழுக்குது. லைட்டும் முன்ன மாதிரி இல்ல" என்றார். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார்: "எஞ்சினை நிறுத்த இழுப்போம்ல, அந்தக் கேபிள் கருகிப்போகுது. மாத்தினேன், மறுபடியும் கருகுது. செல்ஃப் அடிக்கிறப்ப லேசா புகை வாடை வருது."

நோயைத் தெளிவாகச் சொல்லிவிட்டார் அந்த மனிதர். தொழில் தெரிந்தவன் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே வேலை முடிந்திருக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கரன்ட் திரும்பிப் போக ஒரு பின்னல் வயர் உண்டு. எர்த் பட்டை என்போம். அது துருப்பிடித்தால் செல்ஃப் இழுக்கும் பெருங்கரன்ட், எஞ்சினையும் பாடியையும் தொடும் வேறு ஏதாவது இரும்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிளின் இரும்பு உறை அதற்கு ஆளாகி, சூடேறிக் கருகும். செல்ஃப் சோம்பியதற்கும் லைட் மங்கியதற்கும் சார்ஜ் சரியாக ஏறாததற்கும் கேபிள் கருகியதற்கும் மூலம் ஒன்றே. நான் அந்தக் கேபிளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேபிள் மெக்கானிக் வேலை, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"ஆல்டர்னேட்டர் வீக்கா இருக்கும்ணே, பாத்துருவோம்" என்று சொல்லி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். பழைய டீசல் எஞ்சின் ஓட மின்சாரமே வேண்டாம். பம்ப் டீசலை அழுத்திக் கொடுத்தால் ஓடும். ஆகவே எஞ்சின் நிற்கிறதா இல்லையா என்ற சோதனைக்கு அந்த வண்டியில் பொருளே கிடையாது. லைட் எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். ஒரு கணம் பளீரென்று வெள்ளையாக எரிந்து, பிறகு துடித்துத் துடித்து மஞ்சளாயிற்று. அந்தப் பளீர் வெளிச்சம் என்ன என்று எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"ஆல்டர்னேட்டர் ஓரளவு இருக்கு. பேட்டரிதான் போயிருச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன். பேட்டரியை ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தேனா? இல்லை. ஓய்வில் 12.6 வோல்ட் நிற்கிறதா என்று பார்த்தேனா? இல்லை. மல்டிமீட்டர் மேசை டிராயரில்தான் கிடந்தது. கைராசிக்காரனுக்கு மீட்டர் எதற்கு என்று ஊர் நினைக்கும்படி நானே பேசி வைத்திருந்தேன். அவர் கையில் இருந்த பணத்தைக் கொடுத்து, மீதியை அடுத்த வாரம் தருவதாகச் சொல்லிப் புதுப் பேட்டரி மாட்டிக்கொண்டு போனார். சொன்னபடி மீதியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் எனக்குக் கடன் வைக்கவில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

புதுப் பேட்டரி கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. அதன் தெம்பில் வண்டி ஓடியது. உண்மையில் அந்த நாட்களில் வண்டியின் நிலை முன்பைவிட மோசம். முன்பு எர்த் மட்டும்தான் கோளாறு. இப்போது நான் கொன்ற டையோடும் சேர்ந்துவிட்டது. ஆறில் ஒரு டையோடு அறுந்தால் ஆல்டர்னேட்டர் ஒரேயடியாகப் படுத்துவிடாது. உற்பத்தி குறையும். பகலில் லைட் போடாமல் ஓட்டினால் சமாளித்துவிடும். இரவில் 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் அதற்கே சுமார் 10 ஆம்பியர் வேண்டும். அந்தக் கால ஆல்டர்னேட்டரின் மொத்தச் சக்தியே 35, 45 ஆம்பியர்தான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதிலும் ஒரு பங்குதான் கிடைக்கும். மலையிறக்கத்தில் கியரில் மெதுவாக இறங்குகிற வண்டி இரவில் பேட்டரியைத்தான் உறிஞ்சும். பேட்டரியில் இருப்பது தீரத் தீர லைட் மங்கிக்கொண்டே வரும். எஞ்சின் மட்டும் நிற்காமல் ஓடும். இந்த நிலை எவ்வளவு ஆபத்தானது என்று டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் பலர் உணர்வதில்லை. வண்டி நின்றுவிட்டாலாவது மனிதன் ஓரம் கட்டுவான்.

அவர் அப்படி ஓரம் கட்டவில்லை. தாரெல்லாம் விடிவதற்குள் மண்டிக்குப் போயாக வேண்டும். சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே லைட் மஞ்சளாகி, பிறகு சிவந்து, இழை மட்டும் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. கூட வந்த கிளீனர் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பானெட் மேல் ஏறி உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு வெளிச்சம் காட்டியிருக்கிறான். அவன் அவருடைய தங்கை மகன். இதை அவர் கடைக்கு வந்து கோபமில்லாமல் சொன்னார். "நல்லவேளை, எதிர்ல வண்டி எதுவும் வரல தம்பி. கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றார். வேறு கடைக்குப் போகலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "பேட்டரி டெர்மினலை நம்ம பையன் சரியா டைட் பண்ணல போலிருக்கு" என்றேன். பையன் பக்கத்தில்தான் நின்றான். டெர்மினலை டைட் செய்தது நான். அவன் எதுவும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்துவந்து கொடுத்தான். பெரியவர் அவனிடம், "பாத்து வேலை பாருப்பா" என்று மெதுவாகச் சொன்னார்.

அன்றைக்குத்தான் ஆல்டர்னேட்டரை இறக்கிப் பிரித்தேன். கார்பன் இரண்டும் நல்ல நீளத்தில் இருந்தன. ஸ்லிப் ரிங் சுத்தம். பேரிங் சத்தமில்லை. பெல்ட் இழுவையும் சரி. டையோடு பிளேட்டை வெளியே எடுத்து, மீட்டரை டிராயரிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஐந்து டையோடுகள் ஒரு திசையில் காட்டின, மறுதிசையில் காட்டவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்று எந்தப் பக்கமும் காட்டவில்லை. அதன் காலருகே பூச்சு கருத்து, ஊசி முனை அளவுக்கு வெடித்திருந்தது. மற்ற ஐந்தும் மினுங்கிக்கொண்டிருந்தன. நாள்பட்ட தேய்மானம் அப்படி இருக்காது. ஒரே அடியில் போனது அது. அடித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

புது டையோடு பிளேட் போட்டு மாட்டினேன். எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தேன். லைட் போட்டதும் 12.9. அது போதாது, 13.8-லிருந்து 14.4-க்குள் காட்ட வேண்டும். ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் போல்ட்டில் ஒரு முனையும் அதன் பாடியிலேயே மறுமுனையும் வைத்தேன். 14.2. உற்பத்தியாகிறது, ஆனால் போய்ச்சேரவில்லை. ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்தேன். 1.2 வோல்ட் காட்டியது. அங்கே 0.2-க்கு மேல் வரக்கூடாது. வண்டிக்கு அடியில் படுத்து எர்த் பட்டையைத் தொட்டேன். போல்ட் முறுக்காகத்தான் இருந்தது. ஆனால் லக்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே துரு ஏடு ஏடாக உரிந்தது. அந்த இடத்தைத் தகரம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பட்டை போட்டு, மேலே கிரீஸ் தடவினேன். பேட்டரியில் 14.1 காட்டியது. செல்ஃப் ஒரே தட்டில் எடுத்தது.

அந்தப் பட்டையின் விலை ஒரு நல்ல சாப்பாட்டுக் காசுக்கு மேல் இருக்காது. முதல் நாளே அதை மட்டும் மாற்றியிருந்தால் அவர் பேட்டரி வாங்கியிருக்க வேண்டாம், டையோடு பிளேட் வாங்கியிருக்க வேண்டாம், தங்கை மகன் பானெட் மேல் உட்கார்ந்து மலை இறங்கியிருக்க வேண்டாம். வண்டிக்கு அடியிலிருந்து எழுந்தபோது இதெல்லாம் எனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்து, "பழைய ஆல்டர்னேட்டர்ணே, டையோடு தேஞ்சு போச்சு. எர்த்தும் கொஞ்சம் பாத்திருக்கேன்" என்றேன். டையோடு பிளேட்டுக்கும் கூலிக்கும் பணம் வாங்கினேன். எர்த் பட்டைக்குக் காசு வேண்டாம் என்றேன். "நீங்க கை வச்சா சரியாயிரும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பணத்தை நான் டிராயரில் போட்டேன். மீட்டரையும் அதே டிராயரில் போட்டேன்.

நான் கெடுத்த பொருளுக்கு அவரிடமே விலை வாங்கினேன். தப்பை இன்னொருவன் தலையில் கட்டினேன், அதுவும் என்னைத் தடுக்கப் பார்த்தவன் தலையில். இரண்டில் எது பெரிய குற்றம் என்று நான் யோசித்திருக்கிறேன். பணம் திருப்பிக் கொடுக்கக்கூடியது. சரியாகப் படித்துச் சரியாகச் சொன்ன பையனுக்கு, பெரியவர்கள் முன் உண்மை செல்லாது என்று கற்றுக்கொடுத்தது நான். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அவன் கொஞ்ச நாளில் வேறு கடைக்குப் போய்விட்டான். இப்போது பழனி ரோட்டுப் பக்கம் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். போன வருடம் அவன் கடைக்குப் போனேன். சுவரில் ஒரு அட்டை தொங்கியது: எஞ்சின் ஓடும்போது பேட்டரி கழற்றப்படமாட்டாது என்று கையால் எழுதியிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். நடந்ததைச் சொல்லி, உன் மேல் பழி போட்டது தப்பு என்றேன். "அன்னைக்கு அவர் முன்னாடி சொல்லியிருக்கலாம்ணே" என்றான். அவன் சொன்னது சரி. தனியாகப் போய்ச் சொல்வது எனக்கு எளிது. அவமானம் அவனுக்கு நேர்ந்தது நாலு பேர் நடுவில். அதனால்தான் இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

இப்போது என் கடையில் மீட்டர் இல்லாமல் எந்த வண்டியும் தொடப்படுவதில்லை. வந்த வண்டியின் டிரைவர் சொல்வதை முழுவதும் கேட்கிறேன். சம்பந்தமில்லாததுபோல் இருப்பதையும் கேட்கிறேன். ஓய்வில் பேட்டரி எவ்வளவு, ஸ்டார்ட் ஆனபின் எவ்வளவு, லைட்டும் வைப்பரும் போட்டால் எவ்வளவு, பாசிட்டிவ் பக்கம் வழியில் எவ்வளவு இழக்கிறது, எர்த் பக்கம் எவ்வளவு இழக்கிறது என்று வரிசையாகப் பார்க்கிறேன். மீட்டரை ஏ.சி.க்குத் திருப்பி பேட்டரியில் வைத்துப் பார்க்கிறேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடில் சந்தேகம். டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு சாவி போட்டதும் எரிகிறதா என்று பார்க்கிறேன். பல பழைய வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ரோட்டருக்கு முதல் கரன்ட் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் நல்ல ஆல்டர்னேட்டரும் எழுந்திருக்காது. இத்தனைக்கும் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகிறது. இதற்கு மேல்தான் ஸ்பேனர். நான் திருந்திவிட்டேன் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. அன்றும் இதே மீட்டர் இருந்தது, இதே நேரம் இருந்தது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் எலக்ட்ரீசியன் எவ்வளவு பேர்போனவராக இருந்தாலும், எஞ்சின் ஓடும்போது அவர் கை பேட்டரி டெர்மினலுக்குப் போனால் தடுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ மாற்றச் சொன்னால், மீட்டரில் என்ன காட்டியது என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அந்தப் பெரியவர் ஜீப்பை விற்றுவிட்டார், மலையிலும் இப்போது இல்லை, மகள் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று விசாரித்தும் தெரியவில்லை. சிறுமலையில் வாழைத்தார் ஜீப் ஓட்டிய அவரை அறிந்தவர்கள் இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு பேட்டரிக்கும் ஒரு டையோடு பிளேட்டுக்கும் அவரிடம் வாங்கிய பணம் அவருக்கு நான் தர வேண்டிய கடன்.